ஆண் கடம்பா

"மேடம், இத்த கொஞ்சம் பாருங்க. புழு மாதிரி கீது."

மேசையின் கோடியிலிருந்து சௌம்யா கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன பெண். அவள் முன்னால் ஒரு கடம்பாக் கணவாய் பிளந்து கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டிலிருந்து வந்த முதல் லோடு அது. ஒவ்வொன்றும் நன்றாக விளைந்து, கையில் எடுத்தால் கனத்தது. பிளந்த வயிற்றிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் போல ஏதோ சரிந்து, கழுவுகிற தொட்டியில் தண்ணீர் பட்டதும் சுருள் பிரிந்து நெளிந்தது. சில நூல்கள் அவளுடைய கையுறையில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விடவில்லை. சௌம்யா கையைத் தன் உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

அனுசுயா குனிந்து பார்த்தாள். "ஆமா, புழுதான்," என்றாள். "லாட்டையே ஒதுக்குங்க."

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவள் க்யூசி, சரக்கின் தரம் பார்க்கிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள அந்த மீன் கம்பெனியில் அவள் ஒதுக்கு என்றால் ஒதுக்க வேண்டியதுதான், மேல்கேள்வி கிடையாது. ஒதுக்கிய சரக்கை யாரும் வெளியில் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாது என்பதற்காக உடனே அதன்மேல் பினாயில் ஊற்றி நீல டிரம்மில் கொட்டிவிடுவார்கள். அதற்கென்று இருக்கிற ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள். வேறு எந்த வேலையிலும் அந்தச் சுறுசுறுப்பைப் பார்க்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது புழு இல்லை என்பது அந்தக் கம்பெனியிலேயே அனுசுயாவுக்குத்தான் மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். விலங்கியல் படித்தவள். ஒவ்வொரு சீசனிலும் புதிதாகச் சேருகிற பெண்கள் இதே நூலைப் பார்த்து இதே மாதிரி முகம் சுளிப்பார்கள். அனுசுயா அவர்களைச் சுற்றி நிற்கவைத்து ஒரு சின்ன வகுப்பே எடுப்பாள். இது ஆண் கடம்பா. குட்டியாக இருக்கும்போது இதன் விதை கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும், இருக்கிற இடமே தெரியாது. கொஞ்சம் வளர்ந்ததும் பால்நிறத்தில் தடிக்கும். அப்புறம் விந்தைச் சும்மா விடாது, ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சுருள்வில். கட்டினதையெல்லாம் ஒரு பையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். பெட்டைக்கு நாள் வரும் வரைக்கும் காத்திருக்காமல் அதற்கு முன்னாலேயே இது தயாராகிவிடும். பிறகு ஒரு கடம்பாவை எடுத்து, கீழ்ப்பக்கத்துக் கைகளில் ஒன்றின் நுனியை விரித்துக் காட்டுவாள். மற்றக் கைகளில் எல்லாம் வட்ட வட்டமாக உறிஞ்சிகள் இருக்க, அந்த ஒரு கையின் நுனியில் மட்டும் அவை மாறிச் சீப்புப் பல் போல நிற்கும். பொட்டலத்தை எடுத்துப் பெட்டையிடம் கொடுப்பதற்கென்றே மாறிய கை. பெட்டை அதை வாங்கி வாய்க்குக் கீழே பத்திரப்படுத்திக்கொள்ளும். எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஆண் செத்தே போயிருக்கும்; ஒரு வருடம்கூட உருப்படியாக வாழாத பிராணி அது. ஆனால் பொட்டலத்துக்கு அது தெரியாது, தண்ணீர் பட்டால் வில் விடுபட்டுவிடும். "ஐஸ்ல செத்துக் கெடக்குறப்பகூட ஆம்பள புத்தி போவல பாரு," என்று யாராவது சொல்வார்கள். மேசையே குலுங்கும். அந்த வகுப்பில் சிரிக்காத பெண்ணை அனுசுயா பார்த்ததில்லை.

இந்த வருடம் அந்த வகுப்பு நடக்கவில்லை. பார்த்தாள், புழு என்றாள், நகர்ந்துவிட்டாள்.

காலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே, செல்போனை லாக்கரில் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கருத்தரிப்பு மையத்திலிருந்து அழைத்திருந்தார்கள். தேன் தடவிய குரல். "சாரோட சாம்பிள் வெச்சிருக்கிற டைம் இந்த மாசத்தோட முடியுது மேடம். சார் தவறிட்டதால சும்மா நீட்டிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறீங்களா, இல்ல எடுத்துடலாமா? நீங்க நேர்ல வந்து சொல்லணும் மேடம்." எடுத்துவிடுவது என்றால் என்ன என்று அனுசுயா கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "டிஸ்கார்டு பண்ணிடுவோம் மேடம்," என்றாள். அனுசுயாவும் இங்கே அந்த வார்த்தையைத்தான் தினமும் சொல்கிறாள். சரி என்று சொல்லி வைத்தாள். அழுகை வருமோ என்று ஒரு கணம் கேட்டருகில் நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கணவன் அரவிந்தன் போன கார்த்திகை மழையில் செத்துப்போனான். ரத்தத்தில் புற்றுநோய். அவளுக்கு அன்றைக்குக்கூட உள்ளே பெரிதாக எதுவும் உடையவில்லை. மேனாம்பேட்டு வீட்டில் தண்ணீர் ஏறாமலிருக்க வாசலில் மணல் மூட்டை அடுக்குகிற வேலை இருந்தது, வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலை இருந்தது, அடுத்த வாரம் கம்பெனிக்கு வந்துவிட்டாள். எப்படி இப்படி இருக்கிறாள் என்று பின்னால் பேசினார்கள். அவளுக்கும் அதே கேள்விதான்.

இடைவேளை மணி அடித்ததும் வெந்நீர்ச் சொம்பு வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் வாயகன்ற ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு. நாள் பூராவும் ஐஸில் அளைந்து கை மரத்துப்போகும். அப்படி மரத்த கையோடு கத்தியைத் தொடக் கூடாது என்பது மேசைப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற சட்டம். கம்பெனிச் சுவரில் ஒட்டியிருக்கிற எந்த விதியிலும் அது கிடையாது. முன்பு ஒருத்தி மரத்த கையோடு அறுத்துக்கொண்டே போய், தொட்டித் தண்ணீர் சிவந்த பிறகுதான் தன் விரல் என்று தெரிந்துகொண்டாள். அதிலிருந்து இருவர் இருவராகச் சொம்பில் கைவிட்டு, ஒருத்தி கையை இன்னொருத்தி தேய்ப்பார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஊசி ஊசியாகக் குத்தும். குத்த ஆரம்பித்தால்தான் கை தன்னுடையதாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கத்தியை எடுக்கலாம்.

பூந்தமல்லியிலிருந்து வரும் நஜ்மாதான் எப்போதும் அனுசுயாவுக்கு ஜோடி. வயதில் மூத்தவள், கத்தி பிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. க்யூசிக்குக் கத்தி வேலை இல்லை, சொம்பும் தேவையில்லைதான். ஆனாலும் பெட்டி பெட்டியாக ஐஸுக்குள் கைவிட்டுப் பார்க்கிறவள் என்று நஜ்மா அவளை இழுத்து வைத்துத் தேய்ப்பாள். அன்றைக்குத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா அனு, அது புழுவா?"

"எது?"

"காலைல ஒதுக்கினியே. நீதானே எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்த, அது ஆம்பள கடம்பாவோட சமாச்சாரம்னு. நான் நெனச்சேன், இது வேற எதுனா போலன்னு. அத்தொட்டுதான் வாயத் தொறக்கல."

அனுசுயா சொம்புக்குள் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். தண்ணீருக்குள் அவை வெளுத்து, வேறு யாருடையவோ போல இருந்தன. கைகளை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஓடவில்லை. டிரம்களின் மூடிகள் திறந்திருந்தன. மேலே பினாயில் பாலாகத் திரிந்து நின்றது. அதற்கடியில் அத்தனை கடம்பாவும் கண்ணைத் திறந்தபடி கிடந்தன. பெரிய கண்கள். பினாயில் தண்ணீரிலும் இரண்டொரு நூல் சுருள் பிரிந்து மிதந்தது.

சூப்பர்வைசர் தங்கவேல் வந்து பக்கத்தில் நின்றார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பார். "பரவால்லம்மா," என்றார். "புழுன்னே இருக்கட்டும். யாரு கேக்கப்போறா. நீ போய் கொஞ்சம் உக்காரு." கார்த்திகையிலிருந்து எல்லோரும் அவளிடம் இப்படித்தான் பேசுகிறார்கள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஒரு வார்த்தைதான் சொன்னாள், கடல் முழுவதும் நீந்தித் திரிந்து விளைந்த அத்தனையும் டிரம்முக்குள் போய்விட்டது. சொல்லும்போது நாக்கில் ஒரு பாரமும் தெரியவில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஏன் சொன்னாள் என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அரவிந்தனுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால், மருந்து ஏற்றினால் பிறகு குழந்தை கஷ்டம், முதலிலேயே எடுத்து உறையவைத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் இருவரும் அந்த மையத்துக்குப் போனார்கள். ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அரவிந்தன். டன் கணக்கில் தூக்கி அலமாரியில் வைக்கிறவனுக்கு அந்தச் சின்னப் பிளாஸ்டிக் டப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கக் கூச்சம். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம், அவன் முகத்தைக் கொஞ்சம் மாற்றலாமே என்று, ஆண் கடம்பா கதையை அனுசுயா சொன்னாள். பொட்டலம் கட்டுவது, அடுக்குவது, அந்த மாறிய கை எல்லாம். அவன் தன் வலது கையைத் தூக்கி விரலை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அப்போ நானு கடம்பாவா?" என்றான். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு அதுதான் பெயர். தலைமுடி கொட்டி, உதடு வெடித்துப் படுத்திருந்த வார்டிலும் அவள் "கடம்பா" என்று கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறப்பான்.

இனி அந்த வகுப்பை எந்த வாயால் எடுப்பது? ஆண் செத்த பிறகும் பொட்டலம் இருக்கும் என்பதை எந்த வாயால் சொல்வது? புழு என்று சொல்வது சுலபமாக இருந்தது.

உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இதை என்ன செய்ய என்று மையத்தில் அவனிடம் கேட்டபோதும் அவன் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. "அனு கைல கேட்டுக்கோங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஓட்டலில் என்ன சாப்பிடுகிறாய் என்றாலும் அனு கைல கேளு, வீட்டுக்கு என்ன பெயின்ட் என்றாலும் அனு கைல கேளு. அது அவனுடைய சோம்பேறித்தனம், அதையே அன்பு என்று நினைத்துக்கொள்கிறான் என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். போகும்போதும் இதை அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன்மேல் கோபம் வர வேண்டும். அதுவும் வரமாட்டேன் என்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் வேம்புலியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நசரத்பேட்டையில் இருக்கிறாள், அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்குகிற வேலை. யூனிபார்ம் புடவையோடு நேராக பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி.

"வாங்க அத்தே. எப்ப வந்தீங்க?"

"இப்பதான். கருவாட்டுக் கொயம்பு எடுத்தாந்தேன். கை கழுவிகினு வந்து துன்னு மொதல்ல."

அனுசுயா சாப்பிட்டாள். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வேம்புலியம்மாள் எதிரில் குந்தி உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறையவைத்த விஷயம் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். கார்த்திகையிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலிருக்க அவள் எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்பது அனுசுயாவுக்குத் தெரியும். எதிர்வீட்டுக் குழந்தையை அவள் தூக்கும்போது தெரியும். அனுசுயா தட்டைப் பார்த்தபடியே போன் வந்ததைச் சொன்னாள். இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும் என்பதைச் சொன்னாள். கடம்பாவை ஒதுக்கிக் கொட்டியதையும் சொன்னாள், ஏன் என்று தெரியவில்லை, அதுவும் வாயில் வந்துவிட்டது.

வேம்புலியம்மாள் தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, "நான் இன்னா சொல்றது," என்றாள். "எனுக்கு ஆச கீது. இல்லன்னா பொய்யி. ஆனா ஒடம்பு உன்னுது. நாளைக்கு தனியா நின்னு வளக்கறவ நீ. நீ வயசுப் பொண்ணு, வேற ஒருத்தன் ஊட்டுக்குப் போய் நல்லாருந்தாலும் நான் வயிறெரிய மாட்டேன். நீ இன்னா சொல்றியோ அதான்."

"நீங்களும் என் தலைலதான் வெக்கிறீங்க," என்றாள் அனுசுயா. "உங்க புள்ள மாதிரியே."

"வேற யாரு கைல கேப்பான் அவன்?"

அனுசுயா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். உனக்கு ஆசை இருக்கிறதா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு குழந்தையை நினைத்துப் பார்த்தாள், அவனுடைய மூக்கோடு. யாரோ வழிப்போக்கர் குழந்தை போலக் கடந்து போனது. இல்லாமல் போனால் என்று நினைத்துப் பார்த்தாள். டிரம்மின் மூடிதான் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் தொட்டாலும் மரக்கட்டையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் பின்னால் நின்ற வேம்புலியம்மாள். "எதுவா இருந்தாலும் சரி. எனுக்கு ஒரு தபா அத்தப் பாக்கணும்."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் மையத்துக்குப் போனார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கீழே டைல்ஸ் கடை, மேலே மையம். வேம்புலியம்மாள் விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள், தலையில் கொஞ்சம் பூவும் வைத்திருந்தாள். லிப்டில் ஏறியதும் அனுசுயாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் பேசிய தேன்குரல் பெண்தான் வெள்ளைக் கோட்டோடு எதிரில் வந்தாள். பார்க்கவெல்லாம் முடியாது அம்மா, அப்படி வழக்கம் இல்லை என்றாள். வேம்புலியம்மாள் வாதாடவில்லை. "சரிம்மா," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துக் கையைப் போர்த்திக்கொண்டாள். அந்தப் பெண் உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். பிறகு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க, உள்ளே எதையும் தொடக் கூடாது என்றாள்.

சின்ன அறை. ஏசி ஓடியது. மூலையில் பால் கேன் போல, ஆனால் இடுப்பளவு உயரத்தில், வெள்ளைப் பாத்திரங்கள் நின்றன. அந்தப் பெண் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒன்றின் மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை பொங்கி, மேலே எழாமல் விளிம்பு வழிந்து கீழே இறங்கியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இதுலதான் இருக்கு. ரொம்ப நேரம் தொறக்கக் கூடாதும்மா."

வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இம்மாம் குளுரா," என்றாள். "அவனுக்கு ஆவாதே. ஃபேன் போட்டாலே போர்வ கேப்பான். சின்ன வயசுலருந்து அப்டி. மார்கழில என் புடவைக்குள்ளதான் படுப்பான்." யாரும் தடுப்பதற்குள் அவள் வலது கையை நீட்டி, வழிகிற அந்தப் புகையில் வைத்தாள். பாத்திரத்தைத் தொடவில்லை. புகை அவள் விரல்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் வைத்துப் பார்க்கிறவளைப் போல அப்படியே வைத்திருந்தாள்.

"அம்மா, கைய எடுங்க," என்று அந்தப் பெண் பதறினாள்.

அனுசுயா அந்தக் கையை இழுத்துக்கொண்டாள். விரல்கள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருந்தன. துடைப்பம் பிடித்துக் காய்ப்பேறிய, குட்டையான விரல்கள். கட்டைவிரல் நகம் அரவிந்தனுடையதைப் போலவே அகலமாக இருந்தது. இத்தனை வருடம் அதை அவள் கவனித்ததில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, நஜ்மா தேய்க்கிற மாதிரி மணிக்கட்டிலிருந்து நுனி வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள்.

"மேடம்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அப்போ என்ன சொல்றீங்க? ஆரம்பிக்கிறதா, எடுத்துடறதா? சொல்லிட்டீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்."

நாக்கின் நுனிக்கு இரண்டு வார்த்தைகளும் சுலபமாக வந்து நின்றன. எதைச் சொன்னாலும் நேற்றுப் போலவே பாரமில்லாமல் போய்விடும் என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது.

"கை மரத்துக் கெடக்குங்க," என்றாள். "சரியாவட்டும். சொல்றேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அனுசுயா தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"குத்துதா அத்தே?"

"இல்லமே."

இன்னும் தேய்த்தாள். புகை தரையில் பரவி அவர்களுடைய வெறும் பாதங்கள் வரைக்கும் வந்து கலைந்தது.

"இப்போ?"

"லேசா," என்றாள் வேம்புலியம்மாள். "ஊசி மாதிரி."

இன்றைக்கு ஐஸைத் தொடாத அனுசுயாவின் கைகளிலும், விரல் நுனியிலிருந்து, குத்த ஆரம்பித்தது. அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூடாத பாத்திரத்திலிருந்து புகை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.